பூட்டு இடம் மாறும் கதை

2024 டிசம்பர் 9 அன்று, கார் திங் என்ற தன் கருவிக்கு ஸ்பாட்டிஃபை நிறுவனமே முற்றுப்புள்ளி வைத்தது. காருக்குள் டாஷ்போர்டில் பொருத்திக்கொள்ளும் சிறிய தொடுதிரை அது. பக்கத்தில் திருகுவதற்கு ஒரு பெரிய குமிழ், மேலே சில பொத்தான்கள். போனில் ஓடும் பாட்டை மாற்றுவதைத் தவிர அதற்குப் பெரிதாக வேறு வேலை கிடையாது. 2022-இல் பொது விற்பனைக்கு வந்தது, அதே ஆண்டில் உற்பத்தி நின்றது, இரண்டு ஆண்டுகள் கழித்து இனி இது இயங்காது என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. கார் திங் நின்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று ஹ்யூமேன் நிறுவனத்தின் ஏஐ பின் அணைந்தது. சட்டையில் மாட்டிக்கொண்டு பேச்சாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம், போனே வேண்டாம் என்ற வாக்குறுதியோடு 2024 ஏப்ரலில் வந்த கருவி. ஹ்யூமேனின் மென்பொருளையும் காப்புரிமைகளையும் ஆட்களையும் எச்பி 11.6 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஏஐ பின்னை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சர்வர் நின்ற பிறகும் பேட்டரி அளவு பார்ப்பது போன்ற வசதிகள் வேலை செய்யும் என்று வாங்கியவர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இரண்டுமே கைவிடப்பட்டவைதான். ஆனால் கார் திங் இன்றும் பலருடைய மேசையில் உயிரோடு இருக்கிறது. கணினியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழாக, நாட்காட்டித் திரையாக, வீட்டு விளக்குகளை இயக்கும் பலகையாக என்று ஆளுக்கொரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஏஐ பின்னையும் உயிர்ப்பிக்க ஒரு சிலர் பாடுபடுகிறார்கள் என்றாலும், வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது பெட்டிக்குள் கிடக்கும் உலோகத் துண்டு. இத்தனைக்கும் கார் திங்கில் இருப்பது வெறும் 512 எம்பி ரேம். ஏஐ பின்னோடு ஒப்பிட்டால் அது நோஞ்சான். வன்பொருளின் வலிமை இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை. வேறு மென்பொருளை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்டு எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் தீர்மானித்தது.

மென்பொருளை நோண்டுவது நேரம் போகாதவர்களின் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு பகுதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவி எத்தனை காலம் பயன்படும் என்பதைத் தயாரித்த நிறுவனத்தைவிட நோண்டுபவர்களே அதிகம் தீர்மானித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் கை எட்டிய கருவிகள் நிறுவனம் கைவிட்ட பிறகும் ஓடின. எட்டாதவை அப்டேட் நின்ற நாளிலிருந்து தேய ஆரம்பித்தன. கடந்த இருபது சொச்ச ஆண்டுகளில் அந்தப் பூட்டு ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் சிப்புக்குள் போனது, பிறகு செயலிக்குள் போனது, இப்போது கருவியை விட்டே வெளியேறி சர்வருக்குப் போய்விட்டது. புதிதாக வரும் கருவிகளை எடைபோட இந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்வது உதவும்.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். மின்சாரம் பாய்ந்ததும் எழுந்திருப்பது சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்ட ஒரு சின்ன நிரல். பூட் ரோம் என்பார்கள். சிப்பைத் தயாரிக்கும்போதே சிலிக்கானில் எழுதப்படுவதால், தயாரித்தவரே நினைத்தாலும் அதைப் பிறகு மாற்ற முடியாது. அது, இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுப்பும். மற்றதெல்லாம் கெர்னலின் பொறுப்பு. பூட்டு இல்லாத கருவியில் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கேள்வி கேட்காமல் ஓடவிடும். பூட்டு உள்ள கருவியில் ஒவ்வொரு படியிலும் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்படும். நிறுவனத்திடம் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட கோப்பு மட்டுமே ஓடும். அதைச் சரிபார்க்க வேண்டிய பொதுச் சாவியின் அடையாளம் சிப்புக்குள் ஃப்யூஸ்களாக எரிக்கப்பட்டிருக்கும். எரித்தது எரித்ததுதான், திரும்பாது.

இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி தளர்ந்திருந்தால் நோண்டுபவர் உள்ளே நுழைந்துவிடுவார். கார் திங்கில் இருப்பது அம்லாஜிக் சிப். இரண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டே யுஎஸ்பி கேபிளைச் செருகினால் அது வழக்கம்போல எழாமல், கணினியிலிருந்து வரும் கட்டளைக்காகக் காத்திருக்கும். தொழிற்சாலையில் மென்பொருள் ஏற்றுவதற்காக இருக்கும் வழி அது. அதை யாரும் அடைக்கவில்லை. போதாததற்கு, ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின்படி பூட்லோடர், கெர்னல் இரண்டின் சோர்ஸ் கோடையும், அதாவது மூல நிரலையும், ஸ்பாட்டிஃபை வெளியிட்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

எல்லாக் கருவிகளிலும் இப்படிச் சுலபமாக அமையாது. ரௌட்டர், கண்காணிப்பு கேமரா, டிவி பெட்டி என்று எதைத் திறந்தாலும் சர்க்யூட் போர்டின் ஓரத்தில் மூன்று நான்கு வெற்றுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அனேகமாக அது சீரியல் போர்ட். வடிவமைத்த பொறியாளர்கள் சோதனைக்காக வைத்து, எடுக்காமல் விட்டது. மூன்று கம்பிகளைப் பற்றவைத்து, நொடிக்கு 115200 பிட் என்ற வேகத்தில் கணினியோடு இணைத்தால், கருவி எழும்போது தனக்குள் பேசிக்கொள்வதெல்லாம் திரையில் ஓடும். சரியான நொடியில் ஒரு விசையைத் தட்டினால் பூட்லோடர் நின்று ‘என்ன வேண்டும்’ என்று கேட்கிற கருவிகளும் உண்டு. ஒன்றே ஒன்று: பெரும்பாலான போர்டுகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவசரத்தில் 5 வோல்ட் கொடுத்தால் நோண்டுவதற்குச் சிப் மிஞ்சாமல் போகலாம்.

பூட்டே இல்லாத காலத்தின் அடையாளம் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. 2002 இறுதியில் வந்த வைஃபை ரௌட்டர், நீலமும் கறுப்புமாக இரண்டு ஆன்டெனாக்களோடு இருக்கும். 2003-இல் அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதித்த மென்பொருளை, பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் இருப்பதைக் கண்டார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைக் கருவியில் வைத்து விற்றால் சோர்ஸ் கோடையும் கொடுத்தாக வேண்டும். அதற்குள் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. கேள்விகளும் நெருக்குதலும் வலுத்த பிறகு, அந்த ஆண்டிலேயே கோடு வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று வேறு ஃபர்ம்வேர்களும் முளைத்தன. வீட்டு ரௌட்டரில், இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன் வந்தது. யாருக்கு எவ்வளவு இணைய வேகம் என்று பங்கிட முடிந்தது. அலுவலகங்களுக்கான விலை உயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்த வசதிகள் சாதாரணப் பெட்டிக்குள் இறங்கின.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்தைப் போட்டார்கள். அது குறைந்த நினைவகத்தில் ஓடும் என்பதால் ஃப்ளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும், ரேம் 16-இலிருந்து 8 எம்பியாகவும் பாதியானது. தயாரிப்புச் செலவு குறைந்திருக்கும். ஆனால் நோண்டுபவர்கள் பழைய பதிப்பைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் லிங்க்சிஸே இறங்கிவந்து, பழைய வன்பொருளோடும் லினக்ஸோடும் டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி மாடலை விற்றது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அது விற்பனையில் இருந்தது. வைஃபை தரநிலைகள் இரண்டு தலைமுறை தாண்டிப் போன பிறகும் அதை வாங்க ஆள் இருந்தார்கள். மாற்ற முடிகிற கருவிக்குச் சந்தை இருக்கிறதா என்று சந்தேகிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் சான்று இதுதான்.

ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே 2024 இறுதியில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற சொந்த ரௌட்டரை வெளியிட்டது. அதில் இரண்டு தனித்தனி ஃப்ளாஷ் நினைவகங்கள். ஒன்றில் எதை ஏற்றிக் கெடுத்தாலும், ஒரு சுவிட்சைத் தள்ளினால் மற்றொன்றிலிருந்து எழுந்துவிடும். நோண்டுபவர் செய்யப்போகும் தவறை முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்த வடிவமைப்பு. இதைப் பார்க்கும்போதுதான் மற்ற நிறுவனங்கள் எவ்வளவு சோம்பேறித்தனமாக இருக்கின்றன என்று தோன்றுகிறது.

சோர்ஸ் கோட் வெளியே இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்தது டிவோ. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி. உள்ளே லினக்ஸ், சோர்ஸ் கோடையும் முறையாகக் கொடுத்தார்கள். ஆனால் அதை மாற்றி மறுபடி பெட்டியில் ஏற்றினால் கையொப்பம் பொருந்தாமல் ஓடாது. உரிமத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது, நோக்கம் தோற்றது. இதற்கு மறுமொழியாகத்தான் 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், வீட்டு உபயோகக் கருவியாக இருந்தால் மாற்றிய மென்பொருளை நிறுவத் தேவையான விவரங்களையும் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. மென்பொருளின் உரிமம் வன்பொருளைக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விளைவு என்னவோ நாம் பார்ப்பதுதான்: உலகில் கோடிக்கணக்கான போன்களிலும் டிவிகளிலும் லினக்ஸ் ஓடுகிறது, அவற்றில் பெரும்பாலானவற்றில் நாம் மாற்றி ஏற்றும் லினக்ஸ் ஓடாது.

அதே 2007 ஜூன் 29-ஆம் தேதிதான் முதல் ஐபோனும் விற்பனைக்கு வந்தது. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். சில வாரங்களுக்குள் அதன் பூட்டை உடைத்துவிட்டார்கள். இதை ஜெயில்பிரேக் என்பார்கள். வெளியார் எழுதிய செயலிகளை நிறுவ சிடியா 2008 பிப்ரவரியில் வந்துவிட்டது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் அதே ஆண்டு ஜூலையில்தான் திறந்தது. வைஃபை, ப்ளூடூத் பொத்தான்களை ஓர் இழுப்பில் கொண்டுவரும் வசதி, ஜெயில்பிரேக் செய்த போன்களில் பல ஆண்டுகள் இருந்த பிறகே 2013-இல் கன்ட்ரோல் சென்டராக அதிகாரபூர்வமாக வந்தது. ஜெயில்பிரேக் செய்வது பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது என்று 2010-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் விலக்கு அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய விலக்கு அது. 2019-இல் செக்எம்8 என்ற ஓட்டை வெளியானபோது ஆப்பிளால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் முடிந்தது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சிப்களின் பூட் ரோமிலேயே இருந்த ஓட்டை. பூட் ரோமை மாற்ற முடியாது என்று மேலே சொன்னது இங்கே நிறுவனத்துக்கே எதிராகத் திரும்பியது.

ஆண்ட்ராய்டு உலகில் கதை வேறு மாதிரி போனது. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட், நிறுவனங்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கைகழுவிய போன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்தது. அதைச் சுற்றி 2013-இல் ஒரு கம்பெனி உருவானது. 2016 இறுதியில் அந்தக் கம்பெனி கடையைக் கட்டியது. பெயர் போனது, சர்வர்கள் போயின, ஆனால் கோடு போகவில்லை. சில நாட்களிலேயே லீனியேஜ்ஓஎஸ் என்ற புதுப் பெயரில் அதே ஆட்கள் தொடர்ந்தார்கள், இன்றும் தொடர்கிறார்கள். இதில் உள்ள சிரமம் வெளியே தெரிவதில்லை. கேமரா, மோடம், கிராபிக்ஸ் மூன்றையும் இயக்கும் நிரல்களான டிரைவர்கள், மூல நிரல் இல்லாத மூடிய பைனரிகளாகவே கிடைக்கும். பழைய கெர்னலுக்காகத் தொகுத்ததைப் புதிய ஆண்ட்ராய்டோடு ஒட்டவைக்க ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக ஒருவர் உட்கார வேண்டும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ட்ரெபிள் அமைப்பு, சிப் தயாரிப்பாளரின் பகுதியைத் தனிப் பிரிவாக ஒதுக்கி இந்த வேலையை ஓரளவு குறைத்தது.

பூட்டு இடம் மாறியது இந்தக் கட்டத்தில்தான். பல போன்களில் பூட்லோடரைத் திறக்க நிறுவனமே அனுமதிக்கிறது. ஆனால் திறந்த செய்தியைப் போன் மறைக்காது. சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் உள்ள சாவி, ‘இந்தப் போனின் பூட்லோடர் திறந்திருக்கிறது’ என்று கையொப்பமிட்டுச் சான்று கொடுக்கும். கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சேவை அதைச் சரிபார்க்கும். வங்கிச் செயலி அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ‘இங்கே ஓட மாட்டேன்’ என்று நின்றுவிடும். வீட்டை நம் இஷ்டப்படி இடித்துக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்படிக் கட்டியவரோடு ஊரில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது போன்ற நிலை. சாம்சங் போன்களில் இன்னும் கடுமை: அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றிய நொடியில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் ஒன்று எரியும். பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அந்தத் தழும்பு மாறாது, சில சேவைகள் அந்தப் போனில் நிரந்தரமாக நின்றுவிடும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போன், பூட்லோடர் மூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பல செயலிகளின் சோதனையில் தேறிவிடுகிறது. அதே போனில் போன மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்களோடு லீனியேஜ்ஓஎஸ் ஏற்றினால் தேறுவதில்லை. சோதனை அளப்பது போனின் பாதுகாப்பையா, விசுவாசத்தையா?

பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. திருடிய போனில் புது மென்பொருளை ஏற்றி விற்றுவிடாமல் தடுப்பதும், நாம் அசந்த நேரத்தில் யாராவது உளவு மென்பொருளைப் புகுத்திவிடாமல் காப்பதும் இதே கையொப்பச் சங்கிலிதான். கேள்வி, சாவி யாரிடம் என்பது. இதற்கு நல்ல விடைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதுதான் வேடிக்கை. கூகுளின் பிக்சல் போன்களில் கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, அந்தத் திட்டத்தின் சாவியைப் பதித்துப் பூட்லோடரை மறுபடி பூட்டலாம். ஒவ்வொரு முறை எழும்போதும் வேறு இயங்குதளம் ஓடுகிறது என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டும், மற்றபடி முழுச் சங்கிலியும் காவல் காக்கும். ஆப்பிளின் மேக்கிலும் இப்படி ஒரு வழி உண்டு. 2020-இல் வந்த எம்1 சிப் மேக்குகளில், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, கடவுச்சொல் கொடுத்து, சொந்தக் கெர்னலை அனுமதிக்கும் ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். பக்கத்துப் பிரிவில் உள்ள மேக்ஓஎஸ்ஸின் பாதுகாப்பு கொஞ்சமும் குறையாது. அந்த வாசல் வழியாகத்தான், மேக்கில் லினக்ஸை ஓட்ட முனைந்த அசாஹி லினக்ஸ் குழு நுழைந்தது. ஆவணம் எதுவும் இல்லாமல், கிராபிக்ஸ் பகுதி எப்படி இயங்குகிறது என்று கவனித்துக் கவனித்தே டிரைவர் எழுதினார்கள். இதே எம்1 சிப் 2021-இல் ஐபேட் ப்ரோவிலும் வந்தது. அங்கே இந்த வாசல் கிடையாது. ஒரே சிப், ஒரே நிறுவனம். மடிக்கணினியில் திறக்கலாம், டேப்லெட்டில் திறக்க முடியாது. பாதுகாப்புக்காக வேறு வழியில்லை என்ற சமாதானம் இதற்கு மேல் எடுபடாது.

வீட்டுக் கருவிகளின் பக்கம் வந்தால், எல்லாவற்றையும் மாற்றியது ஒரு குட்டிச் சிப். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இஎஸ்பி8266. கருவிகளைக் கட்டுப்படுத்தும் சிறு சிப்களான மற்ற மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு வைஃபை சேர்க்கும் துணைப் பொருளாகத்தான் அதை விற்றார்கள். ஆவணங்கள் சீன மொழியில் மட்டும் இருந்தன. ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்துப் படித்து, அந்தத் துணைச் சிப்புக்குள்ளேயே முழு நிரலை ஓட்டலாம் என்று கண்டுகொண்டார்கள். எளிதாக நிரல் எழுத உதவும் ஆர்டுயினோவின் ஆதரவும் வந்துசேர்ந்த பிறகு அது காட்டுத்தீ போலப் பரவியது. ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்பு தயாரித்தவர்களும் அதையே உள்ளே வைத்தார்கள். டுயா என்ற நிறுவனத்தின் மேகச் சேவையோடு வெவ்வேறு பெயர்களில் வந்த பல பிளக்குகளுக்குள் இருந்தது இதே சிப்தான். அவற்றைத் திறக்காமலே வைஃபை வழியாக டாஸ்மோட்டா என்ற திறந்த ஃபர்ம்வேரை ஏற்றும் வழி வந்தது. டுயா ஓட்டையை அடைத்தது, பிறகு பல பொருட்களில் வேறு சிப்புக்கு மாறியது. அந்தச் சிப்புக்கும் ஃபர்ம்வேர் எழுதிவிட்டார்கள். இந்தப் பூனை எலி ஆட்டம் முடிகிற மாதிரி தெரியவில்லை.

சாதாரண பிளக்குக்கு ஏன் இத்தனை பாடு? ரெவால்வ் கதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை ஒன்றிணைக்கும் பெட்டி அது. ஆயுள்காலச் சேவை என்று சொல்லி விற்றார்கள். 2014-இல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15 அன்று சேவையை நிறுத்தியது. பெட்டி செயலற்றுப் போனது. அந்த ஆண்டே இன்னொரு பாடமும் கிடைத்தது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் சுமார் 60 பெயர்-கடவுச்சொல் ஜோடிகளைக் கொண்டே மிராய் என்ற தீநிரல் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படையால், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் நிறுவனத்தைத் தாக்கியபோது, பெரிய இணையதளங்கள் பல மணிநேரம் தடுமாறின. கைவிடப்பட்ட கருவி வாங்கியவருக்கு மட்டும் நஷ்டமில்லை, அடுத்தவருக்கும் ஆபத்து. பௌலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் இதற்கு மாற்றுவழி: எல்லாக் கட்டுப்பாடும் வீட்டுக்குள் ஓடும் ஒரு சின்னக் கணினியில், இணையம் போனாலும் விளக்கு எரியும். 2022-இல் வீட்டு ஸ்மார்ட் கருவிகளுக்காக வந்த மேட்டர் தரநிலையும் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே கருவிகள் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்திருக்கிறது. இத்துறையில் அண்மையில் நடந்த நல்ல காரியம் என்று இதைச் சொல்வேன்.

இப்போது புதிதாக வரிசைகட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு வருவோம். 2024-இல் ஏஐ பின்னோடு சேர்த்துப் பேசப்பட்ட இன்னொன்று ராபிட் ஆர்1 என்ற கையடக்கக் கருவி. வெளிவந்த சில நாட்களிலேயே அதற்குள் இருப்பது ஆண்ட்ராய்டு என்று தெரிந்துவிட்டது. அதன் செயலியை எடுத்துச் சாதாரண போனிலேயே ஓட்டிக் காட்டினார்கள். மறுபக்கம், ஆர்1-இன் மீடியாடெக் சிப்பில் இருந்த ஓட்டை வழியாக வெறும் ஆண்ட்ராய்டை அதில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டும் நோண்டுபவர்களின் வெற்றிதான், ஆனால் அதில் ஒரு வெறுமை இருந்தது. அந்தக் கருவியின் மூளை அதற்குள் இல்லை. பேச்சைப் புரிந்துகொள்வதும் பதில் தயாரிப்பதும் தொலைவில் உள்ள சர்வரில். கையில் இருப்பது மைக், கேமரா, ஸ்பீக்கர், ஒரு சக்கரம். பூட்லோடரை முழுக்கத் திறந்து கொடுத்தாலும் திறந்த அறையில் எடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் இங்கேயும் நோண்டுபவர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஜார்ஜி கெர்கானோவ் எழுதிய லாமா.சிபிபி என்ற நிரல், பேச்சைப் புரிந்து பதில் தயாரிக்கும் மொழி மாதிரிகளைச் சாதாரண மடிக்கணினியில் ஓட்டிக் காட்டியது. 700 கோடி அளவுருக்கள், அதாவது எண்கள், கொண்ட மாதிரியில் ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில் வைத்தால் 14 ஜிபி நினைவகம் வேண்டும். அதையே 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ மூன்றரை ஜிபி. துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் பல வேலைகளுக்கு அது தெரியவே தெரியாது. மூன்றரை ஜிபி என்பது இன்றைய நடுத்தர போனில்கூட அடங்கிவிடும் அளவு. சட்டையில் மாட்டும் கருவிக்கோ ஸ்மார்ட் கண்ணாடிக்கோ இன்னும் பெரிது. சூடும் பேட்டரியும் இடம் கொடுக்காது. ஆனால் பையில் உள்ள போனையோ வீட்டில் உள்ள கணினியையோ மூளையாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை வெறும் கண்ணும் காதுமாகப் பயன்படுத்துவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. கருவி எந்தச் சர்வரோடு பேச வேண்டும் என்று நாம் முகவரி கொடுக்க ஒரு பெட்டி அமைப்புகளில் இருந்தால் போதும். ஸ்மார்ட் கண்ணாடி அறிமுகங்களைப் பார்க்கும்போது நான் தேடுவது அந்த ஒரு பெட்டியைத்தான். நிறமும் பிரேம் வடிவமும் அப்புறம்.

சட்டங்கள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில், இணையக் கருவிகளை எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லோடு விற்கக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் வரும் என்றும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் போனுக்கு இயங்குதள அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று கூகுளும் சாம்சங்கும் அதற்கு முன்பே அறிவித்துவிட்டன. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை நிறுவனம் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று பேசுகின்றன. நிறுவனம் போன பிறகு சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பேசவில்லை.

அதற்கு முன்னுதாரணம் தேடினால் பெபிள் கடிகாரம் கிடைக்கும். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கிய ஸ்மார்ட் வாட்ச். 2016-இல் ஃபிட்பிட் அதன் சொத்துகளை வாங்கியது. 2018 ஜூன் இறுதியில் சர்வர்கள் நின்றன. ரெபிள் என்ற ஆர்வலர் குழு செயலிகளையும் வாட்ச் முகப்புகளையும் முன்பே நகலெடுத்து, தானே சர்வர் நடத்தி, பழைய கடிகாரங்களை ஓடவைத்தது. ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கியபோது பெபிளின் கோடும் அதோடு போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் கூகுள் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. ஆனால் வெளியான கோடை அப்படியே ஓடும் மென்பொருளாக்க முடியாது. சிப்புக்கான பகுதிகளும் ப்ளூடூத் அடுக்கும் வேறு நிறுவனங்களின் சொத்து என்பதால் நீக்கப்பட்டிருந்தன. அந்த ஓட்டைகளை ஆர்வலர்கள் திறந்த மென்பொருளால் அடைத்தார்கள். பெபிளைத் தொடங்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி அதே இயங்குதளத்தோடு புதிய கடிகாரங்களை அறிவித்தார். அந்த ஆண்டே அவை வாங்கியவர்கள் கைக்கு வர ஆரம்பித்தன. அவற்றின் ஃபர்ம்வேர் கோடு இந்த முறை முதல் நாளிலிருந்தே வெளியே இருக்கிறது.